வானொலி நாடகம் கேட்பது எப்படி: செட்டிநாட்டு வீட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

பழைய வானொலி நாடகங்களைக் கேட்க ஆசைப்பட்டுத் தொடங்கி, இரண்டே நாளில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கைப்பேசியில் நாடகத்தை ஓடவிட்டுக் கூடவே செய்தி படிப்பார்கள், காய் நறுக்குவார்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். பாட்டுக்கு அது சரிப்படும், நாடகத்துக்குச் சரிப்படாது. ஒரு கதவு திறக்கும் ஓசையைத் தவறவிட்டால் உள்ளே வந்தது யார் என்பது தெரியாமல் போகும். அதற்கப்புறம் வரும் பத்து நிமிடமும் வெறும் பேச்சிரைச்சல்தான். அதனால்தான் எந்த நாடகத்தைக் கேட்பது என்பதைப் பின்னால் வைத்துக்கொண்டு, எங்கே, எப்போது, எதில் கேட்பது என்பதை முதலில் சொல்கிறேன். அரை மணி நேரம் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் உட்கார முடிந்தால் போதும், இந்தக் கலை தானாக வசப்படும்.

எந்தக் காலத்து நாடகங்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1930-களில் சூடுபிடித்த வானொலி நாடகம், சி.பி.எஸ். நிறுவனத்தின் கடைசி இரண்டு நாடகத் தொடர்கள் நின்றுபோன 1962 செப்டம்பர் 30 அன்று முடிந்ததாகக் கணக்கிடுவார்கள். பிரிட்டனில் பி.பி.சி. 1924-லேயே வானொலிக்கென்று எழுதப்பட்ட நாடகத்தை ஒலிபரப்பியது. அங்கே அந்த மரபு இன்னும் அறுபடவில்லை. நம் பக்கம் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு வந்துவிட்டது. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு நுழையும் வரை காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வானொலி நாடகம் என்றால் திருச்சி, இல்லாவிட்டால் இலங்கை.

முதலில் இடம்

செட்டிநாட்டு வீட்டில் நாடகம் கேட்க நல்ல இடமும் உண்டு, ஆகாத இடமும் உண்டு. முகப்புப் பட்டாலையில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்காமல் மேலே போய்ச் சுற்றி வரும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர், உயரமான கூரை எல்லாமே ஓசையை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகிறவை. கல்யாணத்தில் நாகஸ்வரம் வாசிக்க அது அழகு. மெல்லிய குரலில் இருவர் பேசும் காட்சிக்கு அது பகை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும்.

வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், பிரித்துவிட்ட சின்ன அறைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெத்தை, தலையணை, துணிப் பெட்டி, சீர் சாமான் என்று அடைத்து வைத்திருக்கும் அறையாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே கை தட்டினால் ஓசை அந்த இடத்திலேயே நின்றுவிடும். தரையில் ஜமுக்காளம் விரித்து, ஒலிபெருக்கிக்கு எதிர்ச் சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. பழைய நாடக ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இதே தந்திரம்தான். எதிரொலிக்கும் பகுதி ஒன்று, எதிரொலியே இல்லாத பகுதி ஒன்று என்று பிரித்துக் கட்டியிருப்பார்கள். மாளிகைக் காட்சியை முதலாவதிலும், திறந்தவெளிக் காட்சியை இரண்டாவதிலும் நடிப்பார்கள். திறந்தவெளியில் குரல் திரும்பி வராது அல்லவா? நாம் கேட்கும் அறை எதிரொலித்தால் அவர்கள் பாடுபட்டு உண்டாக்கிய அந்த வித்தியாசம் நம் காதுக்கு எட்டாமலே போய்விடும்.

விளக்கை அணைத்துவிடுங்கள். இது வெறும் அலங்காரத்துக்காகச் சொல்வதன்று. பி.பி.சி. 1924-இல் ஒலிபரப்பிய அந்த முதல் நாடகத்தை எழுதிய ரிச்சர்டு ஹியூஸ், கதையை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வைத்தார். தொடக்கத்திலேயே சுரங்கத்தில் விளக்கு அணைந்துவிடும். பாத்திரங்களுக்கும் ஒன்றும் தெரியாது, நேயருக்கும் ஒன்றும் தெரியாது. பார்க்க முடியாத கலைக்குப் பார்க்க முடியாத இடத்தையே களமாகப் பிடித்த அந்த யோசனை நூறு வருடம் கழித்தும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நேரம் என்றால் இரண்டு. கோடையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தெருவே அடங்கிக் கிடக்கும் வேளை. மற்ற மாதங்களில் இரவு ஒன்பதுக்கு மேல். ஊரில் திருவிழா நடந்து ஒலிபெருக்கி கட்டியிருந்தால் அன்றைக்கு நாடகத்தை ஒத்திப்போடுங்கள். மோதிப் பார்த்துப் பயனில்லை.

தின்பண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீப்புச் சீடை, தேன்குழல், முறுக்கு எதுவும் அறைக்குள் வரக்கூடாது. ஒருவர் கடித்தால் போதும், பக்கத்தில் இருக்கும் நான்கு பேருக்கு ஒரு வசனம் போய்விடும். மாவுருண்டை, கந்தரப்பம், கவுனி அரிசி போன்ற மெத்தென்ற பண்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். கடகடவென்று ஆடும் விசிறியாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

எதில் கேட்பது

அந்தக் காலத்து ஒலிபரப்பு எல்லாம் ஒற்றைத் தட ஒலி. மனிதக் குரல் தெளிவாக வந்தால் போதும் என்று அமைத்தவை. அதனால் ஹோம் தியேட்டர், இரண்டு பக்கமும் பெரிய பெட்டி, அதிரும் அடிச்சுருதி எதுவும் தேவையில்லை. நான்கைந்து அங்குல ஒலிபெருக்கி உள்ள ஒரே ஒரு பெட்டியை, உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்கு ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். பேஸ் அளவைக் குறைத்துவிடுங்கள். இயர்போனில் தனியாகக் கேட்பதும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முதல் சில நாடகங்களை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேளுங்கள். திகில் காட்சியில் பக்கத்தில் இருப்பவர் மூச்சைப் பிடிப்பது உங்களுக்குக் கேட்க வேண்டும். அது நாடகத்தில் பாதி.

பழைய வால்வு ரேடியோவில் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பர்மா தேக்கு நிலைகள், எனாமல் தூக்குச் சட்டிகள், பெல்ஜியம் கண்ணாடிகள் இவற்றுக்கு நடுவில் மர்ஃபி, பிலிப்ஸ், ஜி.இ.சி. பெட்டிகள் இருக்கும். வாங்குவதற்கு முன் முதுகு அட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வால்வுகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறதா, டயல் நூல் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். மரப்பெட்டியின் பளபளப்புக்கு விலை கொடுத்துவிட்டு உள்ளே வெறும் கூட்டை வாங்கி வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவில்லை.

வாங்கி வந்ததும் ஆசையில் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பல வருடம் சும்மா கிடந்த பெட்டியில் மின்தேக்கிகள் கெட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடலாம். வால்வு வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர், மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயாமல் தடுக்கும் சீரிஸ் பல்ப் போட்டுச் சோதித்து, மின்தேக்கிகளை மாற்றிய பிறகே ஓடவிட வேண்டும். இன்னொன்று இதைவிட முக்கியம். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் வகைப் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். கழன்ற குமிழின் தண்டைத் தொட்டாலே அடிக்கும். அந்த வகையில் கைப்பேசியை இணைக்கவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி என்று மெக்கானிக் உறுதி சொன்னால், பின்பக்கம் கிராமபோனுக்கென்று விட்டிருக்கும் பிக்கப் துளைகளில் கைப்பேசியிலிருந்து கம்பி கொடுத்துக் கேட்கலாம். வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். அதன்பிறகு வரும் குரலில் உள்ள கனிவை இன்றைய சின்னப் பெட்டிகளில் நான் கேட்டதில்லை.

நேரடி ஒலிபரப்பைப் பிடிக்க விரும்பினால் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. திருச்சி வானொலி மத்திய அலையில் (மீடியம் வேவ்) 936 கிலோஹெர்ட்ஸில் வந்துகொண்டிருந்தது. சின்ன டிரான்சிஸ்டரில் ஏரியல் என்பது உள்ளே கிடக்கும் ஒரு ஃபெரைட் குச்சி. அது திசை பார்க்கும். பெட்டியை இடமும் வலமுமாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் குரல் தெளியும். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் மத்திய அலையில் கரகரப்பைக் கொட்டுகிறவை, ஆகவே அவற்றை அணைத்துவிடுங்கள். அறையில் எடுக்காவிட்டால் வளவு முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் மொட்டை மாடிகளில் இரண்டு கம்புகளுக்கு இடையே செப்பு வலை ஏரியல் கட்டியதெல்லாம் இதற்காகத்தான். இவ்வளவும் வேண்டாம் என்றால் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் திருச்சி, சென்னை உள்ளிட்ட நிலையங்கள் இணையம் வழியே கிடைக்கின்றன.

இலங்கை வானொலி ஏன் நம் பக்கம் உள்ளூர் நிலையம் போலக் கேட்டது என்று கேட்பவர்களுக்கு: மத்திய அலை தரையைவிடக் கடல் நீரின் மேல் தேயாமல் வெகுதூரம் ஓடும். தொண்டிக் கடற்கரை நமக்குப் பக்கம், அதைத் தாண்டினால் பாக் நீரிணை, அதற்கப்பால் இலங்கை. இடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். பொழுது சாய்ந்தால் இன்னொரு உதவியும் சேரும். பகலில் மத்திய அலையை விழுங்கும் வான மண்டலத்தின் கீழடுக்கு இரவில் மறைந்துவிடும். அலை மேலே போய்ப் பட்டுத் திரும்பி வரும். அதனால்தான் இரவில் எங்கெங்கோ இருக்கும் நிலையங்கள் எல்லாம் ஊடே புகுந்து பேசுகின்றன.

எதிலிருந்து தொடங்குவது

தமிழிலிருந்துதான். காதைப் பழக்குவதும் அந்நிய உச்சரிப்பைப் புரிந்துகொள்வதும் ஆகிய இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.

பார்க்காமல் கேட்பது நமக்குப் புதிதே அன்று. பங்குனி, சித்திரையில் பக்கத்து ஊர்ப் பொட்டலில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தை வீட்டு மாடியில் படுத்துக்கொண்டே ஒலிபெருக்கி வழியாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்! கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் திருவிளையாடல் படத்தின் கதை வசனம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவர்களும் இருக்கிறார்கள். முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வானொலியில் ஒலிச்சித்திரம் என்று போடுவார்கள். முதல் நாள் உங்களுக்குத் தெரிந்த படம் ஒன்றின் ஒலிச்சித்திரத்தைக் கேளுங்கள். கதை தெரியும் என்பதால் காது மற்றவற்றைக் கவனிக்கும். யார் எவ்வளவு தொலைவில் நின்று பேசுகிறார், காட்சி மாறும்போது என்ன இசை வருகிறது, எங்கே படம் பார்த்திருந்தால்தான் புரியும் என்று விட்டுவிட்டார்கள் என்பதெல்லாம் தெரியவரும். அந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. வானொலிக்கென்றே எழுதிய நாடகத்தில் அப்படிப்பட்ட ஓட்டை இருக்காது.

அதற்கு அடுத்ததாக இலங்கை நாடகங்களுக்கு வாருங்கள். சில்லையூர் செல்வராசன் எழுதிய தணியாத தாகம் கடல் கடந்து இங்கேயும் நேயர்களைப் பிடித்து வைத்திருந்த தொடர். குடும்பக் கதை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. முதல் ஐந்து நிமிடம் அந்தப் பேச்சின் இழுப்பு புதிதாக இருக்கும். பின்பு அதுவே இழுத்துக்கொள்ளும். மனம் விட்டுச் சிரிக்க வேண்டும் என்றால் எஸ். ராம்தாஸின் கோமாளிகள் கும்மாளம். இலங்கையின் பலவகைத் தமிழ்ப் பேச்சுகள் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்ளும் நகைச்சுவை அது. குரலை வைத்தே ஆளை அடையாளம் காணும் பயிற்சிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகாசவாணி நாடகங்களில் ஒரு பெருமை உண்டு. ஒரு மொழியில் எழுதிய நல்ல நாடகத்தை நாட்டின் மற்ற மொழிகளிலும் பெயர்த்து, எல்லா நிலையங்களிலும் ஒரே இரவில் ஒலிபரப்புவார்கள். வங்காளத்துக் கதை ஒன்றைக் கல்கத்தாவில் இருப்பவர் வங்காளியிலும் கானாடுகாத்தானில் இருப்பவர் தமிழிலும் அதே வேளையில் கேட்பார்கள். அந்த மொழிபெயர்ப்பு நாடகங்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய அமெரிக்க வானொலி நாடகங்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. ஓல்டு டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் என்ற ஆர்வலர் குழு தேதி சரிபார்த்துத் தொகுத்தவற்றை முதலில் தேடுங்கள். தரவிறக்கும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். அரை மணி நாடகம் 7 எம்.பி. அளவில் இருந்தால் அது மிகவும் நசுக்கிய பதிவு, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். 28 எம்.பி. அளவில் இருந்தால் நிம்மதியாகக் கேட்கலாம்.

நான்கைச் சொல்கிறேன். அதற்கு மேல் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

முதலாவது, சஸ்பென்ஸ் தொடரில் 1943 மே 25 அன்று வந்த சாரி, ராங் நம்பர். லூசில் ஃபிளெட்சர் எழுதியது. நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். படுக்கையில் கிடக்கும் பணக்கார அம்மாள் ஒருத்தி கணவனின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருக்கிறாள். எப்போதும் எங்கேஜ்டு. ஆபரேட்டரை இணைக்கச் சொல்கிறாள். இணைப்பு மாறிப்போய், இரண்டு ஆண்கள் பேசுவது காதில் விழுகிறது. இரவு 11.15-க்கு ஒரு பெண்ணைக் கொல்லத் திட்டம். பாலத்தின் மேல் ரயில் கடக்கும் நேரம் அது, கத்தினாலும் வெளியே கேட்காது. அதன்பிறகு அரை மணி நேரமும் அவள் யார் யாருக்கோ போன் செய்துகொண்டே இருக்கிறாள். யாரும் நம்பவில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன்.

இந்த ஒரு நாடகத்தில் கவனிக்க வேண்டியவை ஏராளம். டயல் சுழன்று திரும்பும் கரகர ஓசை முதலில் சாதாரணமாக இருக்கும். போகப்போக அதே ஓசை வயிற்றைப் பிசையும். ஓசை மாறவில்லை, நம் நிலைமை மாறியிருக்கிறது. அந்த அம்மாளின் குரல் மட்டும் நமக்கு மிக அருகில், எதிர்முனைக் குரல்கள் எல்லாம் கம்பி வழியாக மெலிந்து வரும். அவளோடு சேர்ந்து நாமும் அந்தப் படுக்கையில் மாட்டிக்கொண்டோம் என்பதை இந்த வித்தியாசம் மட்டுமே செய்து முடித்துவிடுகிறது. ஒருமுறை ஆங்கிலம் அறியாத என் பெரியாத்தாளையும் உட்கார வைத்து, கதையின் முதல் பாதியைத் தமிழில் சொல்லிவிட்டுப் போட்டேன். பத்தாவது நிமிடத்தில், “டிரங்க் கால் போட்டால் இப்படித்தானப்பா, ஊடே யாராவது பேசுவார்கள். அவள் ஏன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் இருக்கிறாள்?” என்று கேட்டார்கள். சொற்கள் புரியாமலே நாடகம் அவர்களுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

அதனால் பெரியவர்களோடு கேட்பவர்களுக்கு என் வழிமுறை இது. நாடகத்தை முதலில் நீங்கள் தனியாகக் கேட்டுவிடுங்கள். பிறகு யார் யார், எங்கே, என்ன சிக்கல் என்பதை மட்டும் மூன்று நிமிடத்தில் தமிழில் சொல்லுங்கள். முடிவை மறைத்துவிடுங்கள். நாடகம் ஓடும்போது நடுநடுவே மொழிபெயர்க்காதீர்கள். நீங்கள் பேசும் அந்த நேரத்தில்தான் கதவு திறக்கும்.

இரண்டாவது, எஸ்கேப் தொடரின் திரீ ஸ்கெலிட்டன் கீ. வின்சென்ட் பிரைஸ் நடித்த பதிவைத் தேடி எடுங்கள். கடலுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம், மூன்று காவலாளிகள், ஆளில்லாமல் மிதந்து வரும் கப்பல், அதிலிருந்து இறங்கும் எலிக்கூட்டம். வின்சென்ட் பிரைஸே கதை சொல்லியாக நிறுத்தி நிதானமாகப் பேசுவதால் உச்சரிப்பும் பிடிபடும். கீச்சொலி பெருகப் பெருக அறையில் இருப்பவர்கள் காலை மடக்கி உட்காருவதைப் பார்க்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

மூன்றாவது, ஆர்சன் வெல்ஸ் குழுவினர் 1938 அக்டோபர் 30 அன்று நடத்திய வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ். செவ்வாய்க் கிரகத்தார் நியூ ஜெர்சியில் இறங்குவதைச் செய்தி அறிக்கையாகவே நடித்தார்கள். நாடே பீதியில் ஓடியது என்ற கதையைப் பெரிதாக நம்பாதீர்கள், அன்றைய பத்திரிகைகள் அதை ஊதிவிட்டன. உண்மையில் அதிசயிக்க வேண்டியது ஓர் அமைதியை. களத்தில் நிற்கும் செய்தியாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகும். அதன்பின் சில விநாடி ஒன்றுமே இல்லை. அந்தச் செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரெடிக், முந்தைய வருடம் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான உண்மையான நேரடி வருணனையைக் கேட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டவர். ஒரு மணி நேர நாடகம். பிற்பகுதி நடையே மாறி மெதுவாகப் போகும். முதல் நாற்பது நிமிடம் கேட்டு நிறுத்தினாலும் பாதகமில்லை.

நான்காவது, கன்ஸ்மோக். 1952 முதல் 1961 வரை வந்த கௌபாய் காலத்து அமெரிக்க மேற்குப் பகுதிக் கதை. வில்லியம் கான்ராடின் ஆழ்ந்த குரல். வீடியோ விளையாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட எக்ஸ் மைனஸ் ஒன் என்ற அறிவியல் புனைவுத் தொடர் பிடிக்கலாம். டிலன் தாமஸின் அண்டர் மில்க் வுட் போன்ற கவித்துவமான பி.பி.சி. நாடகங்களைக் காது நன்றாகப் பழகிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் ஒரு பெரிய படைப்பை வீணாக்கியவர்கள் ஆவோம்.

காதைப் பழக்கும் முறை

கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு புதுக் குரலுக்கும் பெயர், உறவு இரண்டையும் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் “கரகரத்த குரல் தாத்தா” என்று எழுதினாலும் போதும். நல்ல வானொலி எழுத்தாளர் முதல் காட்சியிலேயே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க வைத்துவிடுவார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தாளை மூடிவிடுங்கள்.

நாடகம் பிடித்திருந்தால் அடுத்த நாள் அதையே மறுபடி கேளுங்கள். இந்த முறை கதையை விட்டுவிட்டுத் தூரத்தைக் கேளுங்கள். நடிகர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்தால் மனத்துக்குள் பேசுகிறார், ஒரு முழம் தள்ளி நின்றால் எதிரில் இருப்பவரோடு பேசுகிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கினால் அறையை விட்டுப் போகிறார். மேடை, திரை, விளக்கு எல்லாமே அந்தச் சில அடி தூரத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

ஓசைகளை உண்டாக்கிய விதம் வீட்டிலேயே செய்து பார்க்கத் தக்கது. பிள்ளைகளை இந்தக் கலைக்குள் இழுக்க இதுவே குறுக்குவழி. காய்ந்த தேங்காய்ச் சிரட்டை இரண்டை ஆத்தங்குடிக் கல்லில் மாற்றி மாற்றித் தட்டினால் குதிரை வீதியில் வருகிறது. அதையே மணல் நிரப்பிய தாம்பாளத்தில் தட்டினால் குதிரை ஊருக்கு வெளியே போய்விடுகிறது. செலோஃபேன் தாளை ஒலிவாங்கிக்கு அருகில் மெல்லக் கசக்கினால் நெருப்பு. மெல்லிய தகரத்தை ஒரு முனையில் பிடித்து உதறினால் இடி. ஹாலிவுட்டிலும் லண்டனிலும் ஓசைக் கலைஞர்கள் கையாண்ட அதே உத்திகள்தான் இவை.

அமெரிக்க நாடகங்களில் நடுவே வரும் சோப்பு, காப்பி விளம்பரங்களைத் தாண்டிவிடாதீர்கள். காட்சிக்கும் காட்சிக்கும் இடையே மூச்சு விட அந்த இடம் தேவை. எழுத்தாளர் அதைக் கணக்கில் வைத்தே பதற்றத்தை ஏற்றியிருப்பார். பதினைந்தாவது நிமிடத்தை ஒட்டி இரைச்சலின் தன்மை சற்று மாறினால் உங்கள் ஒலிபெருக்கியில் கோளாறு என்று எண்ண வேண்டாம். 16 அங்குலத் தட்டுகளில் பதிவு செய்தார்கள், ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அங்கே தட்டு மாறியிருக்கிறது.

வீட்டுப் பரணைத் தேடுங்கள்

தமிழ் நாடகங்கள் ஆங்கிலம் அளவுக்கு இணையத்தில் இல்லை. ஒலிநாடா விலை உயர்ந்திருந்த காலத்தில் ஒலிபரப்பியதை அழித்து மேலே புதிதாகப் பதிவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. ஆனால் வீடுகளில் டேப் ரிக்கார்டரை ரேடியோ பக்கத்தில் வைத்துப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சிங்கப்பூர் என்று போய்வந்த குடும்பங்களுக்கு ரேடியோவும் டேப்பும் சீக்கிரமே வந்து சேர்ந்தன. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடும்போது, எந்த நாடகம் கேட்டீர்கள், யார் பதிந்து வைத்திருந்தார்கள் என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு அவரவர் ஊருக்குத் திரும்பும் முன்பே பரணையும் அலமாரிகளையும் பார்த்துவிடுங்கள். பழைய காகிதம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய நாடக நோட்டீசுகளையும் புத்தகங்களையும் கோட்டையூரில் இருந்துகொண்டு சேர்த்து வைத்த ரோஜா முத்தையாவின் தொகுப்புதான் சென்னையில் இன்று ஆய்வாளர்கள் தேடிவரும் நூலகம்.

கேசட் கிடைத்தால் உடனே டெக்கில் போடாதீர்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனியே வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றில், நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் குரல் மங்கிப்போகும். மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள், தவறி ரிக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பல வருடம் ஓடாத நாடாவைப் பென்சில் செருகிச் சில சுற்றுச் சுற்றி இளக்குங்கள். பிறகு ஒருமுறை கடைசி வரை வேகமாக ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். சி-120 நாடா மிக மெல்லியது, சுற்றிக்கொள்ளும். அதை ஆரம்பத்தில் தொடாதீர்கள்.

டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, லைன் அவுட்டிலிருந்து கணினிக்குக் கம்பி கொடுத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒற்றைத் தடமாகப் பதிந்தால் சி-60 கேசட் ஒன்று ஏறக்குறைய 300 எம்.பி. பிடிக்கும். இரைச்சல் நீக்கும் வசதியை அசல் பதிவில் கை வைக்க விடாதீர்கள். இரைச்சலோடு நடிகரின் மூச்சும் போய்விடும். வேண்டுமானால் நகல் ஒன்றில் செய்து பாருங்கள். கோப்புக்கு நாடகத்தின் பெயர், நிலையம், கேசட் யாருடையது என்ற மூன்றையும் வைத்துப் பெயரிடுங்கள். கேசட் உறையில் ஐயாவோ அப்பத்தாளோ எழுதி வைத்த குறிப்பைப் படம் எடுத்துக் கூடவே சேமியுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் பங்காளி வீட்டில் இருக்கட்டும். பதிவு முடிந்துவிட்டது என்று அசல் கேசட்டை எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவி கிடைத்தால் மறுபடி அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.